‘கொழுப்பல்லாத திடப்பொருள்’: ஒரு சொல்லின் பொருளும் பிரயோகமும்

பால் கொள்முதல் நிலையங்களில் இக்காலத்தில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ‘எஸ்.என்.எப்.’ என்பது ஒன்று. காலையும் மாலையும் பால் ஊற்ற வரும் குடியானவர்களின் நாவில் அது தங்குதடையின்றி வருகின்றது. அவர்கள் பெறும் விலைச் சீட்டிலும் அது அச்சாகி இருக்கின்றது. ஆயினும் அதன் பொருள் யாதெனக் கேட்பின், “பாலின் கெட்டி” என்பார் ஒருவர். “டிகிரி” என்பார் மற்றொருவர். “தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் எண்” என்பார் பிறிதொருவர். இம்மூன்று விடைகளும் பிழையானவை. பொருள் அறியாத சொல்லொன்று விலையை நிர்ணயிக்குமாயின், நஷ்டம் அடைபவர் பால் ஊற்றுபவரே. அதே சொல் ஒருவருடைய நாணயத்தையும் தீர்மானிக்குமாயின் நஷ்டம் பணத்தோடு நில்லாது. ஆதலின் இச்சொல்லின் பொருளையும், அது பிரயோகிக்கப்பட வேண்டிய முறையையும் நிலமும் மாடும் உடைய ஒவ்வொருவரும், கிராம நிர்வாகத்தில் பொறுப்பேற்றுள்ள ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

சொல்லின் பொருள்

பசுவின் பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு நீர். எஞ்சிய 13 பங்கும் நீரை ஆவியாக்கிவிட்டால் பாத்திரத்தில் தங்கும் பொருளாகும். அதற்கு மொத்தத் திடப்பொருள் என்று பெயர். அதனின்று வெண்ணெய்க்கு ஆதாரமான கொழுப்பைத் தனியே கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதுவே ‘சாலிட்ஸ் நாட் பேட்’ என்று ஆங்கிலத்தில் கூறப்படுவது. அதன் முதலெழுத்துக்களே எஸ்.என்.எப். என வழங்குகின்றன. நல்ல பசும்பாலில் இது ஏறக்குறைய 8.5 பங்கு இருக்கும். அதனுள் பால் சர்க்கரை 4.6 பங்கும், புரதம் 3.2 பங்கும், சுண்ணாம்பு முதலிய தாது உப்புக்கள் 0.7 பங்கும் அடங்கும். எருமைப் பாலில் இது சற்று அதிகமாக, 9 பங்குக்கு மேலும் இருக்கும்.

தமிழில் இதற்கு இருவகைப் பெயர்கள் வழங்கி வருகின்றன. ஒன்று ‘கொழுப்பற்ற திடப்பொருள்’. மற்றொன்று ‘இதர சத்து’. முதற்பெயரில் உள்ள ‘அற்ற’ என்னும் சொல் இல்லாமையைக் குறிப்பது. கொழுப்பற்ற பால் என்றால் கொழுப்பு எடுக்கப்பட்ட பால் என்றே எவரும் பொருள் கொள்வர். அதனாலேயே, கொழுப்பு மிகுந்த பாலுக்கு இந்த எண் குறைந்தே தீரும் என்று ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. ‘அல்லாத’ என்பதோ வேறுபாட்டைக் குறிப்பது. கொழுப்பு ஒன்று, கொழுப்பு அல்லாதது மற்றொன்று. இரண்டும் ஒரே பாலில் ஒருங்கே இருப்பவை. எனவே ‘கொழுப்பல்லாத திடப்பொருள்’ என்பதே பொருளுக்குப் பொருந்திய பெயராகும்.

‘இதர சத்து’ என்னும் பெயரோ வேறொரு வகையில் தீங்கு செய்கின்றது. ‘இதர’ என்று கூறியவுடன், முக்கியமான பொருளை எடுத்தபின் எஞ்சிய சில்லறை என்ற எண்ணம் தோன்றுகின்றது. உண்மையில் பசும்பாலின் திடப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு இதுவே. பால் தயிராய் உறைவதும் இதிலுள்ள புரதத்தால். பால்கோவாவுக்கும் பால்பவுடருக்கும் எடை தருவதும் பெரும்பாலும் இதுவே. குழந்தையின் எலும்பும் தசையும் வளர்வதும் இதனாலேயே. இத்தகைய பொருளை ‘இதர’ என்று அழைப்பது நெல்லை ‘இதர வைக்கோல்’ என்று அழைப்பதை ஒக்கும்.

சொல் வந்த வழி

இச்சொல் முதன்முதல் விலை கூறுவதற்காக ஏற்பட்டதன்று. பாலில் நீர் கலப்போரைக் கண்டுபிடிக்கும் பொருட்டே இது சட்டத்தில் இடம்பெற்றது. 1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏற்பட்ட பால் விற்பனை விதிகளின்படி, நூற்றுக்கு 3 பங்குக்குக் குறைந்த கொழுப்போ, 8.5 பங்குக்குக் குறைந்த கொழுப்பல்லாத திடப்பொருளோ உடைய பால் கலப்புப் பாலெனக் கருதப்பட்டது. ஆனால் அவ்விதிகளில் ஒரு முக்கியமான நிபந்தனையும் இருந்தது. மாறாக நிரூபிக்கப்படும் வரையில்தான் அவ்வாறு கருதப்படும் என்பதே அது. அதாவது எண் குறைந்தால் சந்தேகம் எழுமேயன்றிக் குற்றம் முடிவாகிவிடாது.

இந்நிபந்தனையின் பயனாக அந்நாட்டில் ஒரு நல்ல வழக்கம் தோன்றிற்று. பாலின் எண் குறைந்திருப்பின், அதிகாரி ஒருவர் பண்ணைக்கே சென்று, தம் கண்ணெதிரில் மாட்டைக் கறக்கச் செய்து, அப்பாலைச் சோதிப்பார். இதனை ‘மாட்டினிடமே மேல்முறையீடு’ என்று அக்காலத்தார் வேடிக்கையாகக் கூறினர். கண்ணெதிரில் கறந்த பாலும் அவ்வாறே குறைந்திருந்தால் குடியானவர்மேல் பழி இல்லை. மாடு கொடுத்த பாலை மாடு கொடுத்தபடியே விற்றவர் குற்றவாளி ஆகார் என்று அந்நாட்டு நீதிமன்றம் 1916-இல் தீர்ப்பும் கூறியுள்ளது.

இந்நாட்டில் 1918-ஆம் ஆண்டின் சென்னை உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், அதன்பின் 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் முறையே பாலின் தூய்மையைக் காக்க ஏற்பட்டன. தற்பொழுதுள்ள தரவிதிகளின்படி பசும்பாலில் கொழுப்பு 3.2 பங்குக்கும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.3 பங்குக்கும் குறையலாகாது.

காலப்போக்கில் இச்சொல் நீதிமன்றத்தினின்று கணக்குப் புத்தகத்திற்கு வந்து சேர்ந்தது. கொழுப்பை மட்டும் பார்த்து விலை கொடுத்தால், எருமை வைத்திருப்போர் லாபம் அடைய, பசு வைத்திருப்போர் தம் பாலிலுள்ள புரதத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய விலையை இழப்பர். இக்குறையை நீக்கவே கொழுப்புக்கு ஒரு விலையும், கொழுப்பல்லாத திடப்பொருளுக்கு ஒரு விலையும் தனித்தனியே கணக்கிடும் ஈரச்சு விலைமுறை ஏற்பட்டது. பின்னதன் விலையை முன்னதன் விலையில் மூன்றில் இரண்டு பங்காக வைப்பது வழக்கமாயிற்று. இது குடியானவருக்கு நன்மை செய்யும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரே சொல் இரு தொழில்களைச் செய்யத் தொடங்கிவிட்டது. ஒன்று விலையை அளப்பது. மற்றொன்று கலப்படத்துக்குச் சாட்சி கூறுவது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இன்றைய குழப்பத்துக்கெல்லாம் காரணம். எண் குறைந்தால் விலை குறைவது நியாயம். கொடுத்த சரக்குக்குத் தக்க பணம் என்பது எவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஆனால் எண் குறைந்த காரணத்தாலேயே, பலர் கூடி நிற்கும் இடத்தில் ஒருவருடைய பாலைத் ‘தண்ணீர்ப் பால்’ என்று கூறித் திருப்பி அனுப்புவது நியாயமன்று. கிராமத்தில் அவ்வாறு ஒருமுறை பெயர் வாங்கிய குடும்பம் அப்பெயரைப் போக்கிக்கொள்ள நெடுங்காலம் ஆகும்.

பால்மானியும் கணக்கும்

கொழுப்பல்லாத திடப்பொருளைப் பல நிலையங்களில் நேராக அளப்பதில்லை; கணக்கிட்டே காண்கின்றனர். கொழுப்பு நீரினும் இலேசானது; பாலிலுள்ள மற்றத் திடப்பொருள்கள் நீரினும் கனமானவை. பால்மானி என்னும் லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை மட்டுமே காட்டும். அதில் காணும் ‘டிகிரி’ அடர்த்தியின் அளவே தவிர, கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவன்று. ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி உயரும். நீரைச் சேர்த்தால் தாழும். இரண்டையும் அளவறிந்து செய்தால் பால்மானி பழைய இடத்திலேயே நிற்கும். எனவே பால்மானியை மட்டும் நம்புபவர் கள்வனைத் தப்பவிட்டு நல்லவனைப் பிடிக்கக்கூடும்.

இதனால்தான் கொழுப்பின் அளவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரிச்மண்ட் என்னும் ஆங்கில ரசாயன நிபுணர் வகுத்த கணக்கு இது: திருத்தப்பட்ட பால்மானி எண்ணை நான்கால் வகுத்து, அதனோடு கொழுப்பு எண்ணின் ஐந்தில் ஒரு பங்கையும், பின்னர் 0.14-ஐயும் கூட்ட வேண்டும். பால்மானி எண் 30, கொழுப்பு 4 ஆயின், 7.5-உம் 0.8-உம் 0.14-உம் சேர்ந்து 8.44 ஆகும்.

இங்கு ‘திருத்தப்பட்ட’ என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். பழைய முறைப் பால்மானி 60 பாரன்ஹீட் டிகிரி உஷ்ணத்துக்காக அமைக்கப்பட்டது. பால் அதனினும் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து காணும். ஆகையால் ஒவ்வொரு டிகிரி அதிக உஷ்ணத்துக்கும் 0.1 கூட்ட வேண்டும். பாலின் உஷ்ணம் 80 டிகிரி என்று கொள்வோமாயின், மேற்கூறிய பாலில் பால்மானி 28-இல் நிற்கும். உஷ்ணமானி வைத்துப் பார்ப்பவர் 2 கூட்டி 30 என்று எழுதுவார். பாராதவர் 28 என்றே எழுதுவார், கணக்கு 8.44-க்குப் பதிலாக 7.94 என்று முடியும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் அறியலாம். கொழுப்பு கிலோவுக்கு 450 ரூபாயும், கொழுப்பல்லாத திடப்பொருள் கிலோவுக்கு 300 ரூபாயும் என்று வைத்துக்கொண்டால், 4 பங்கு கொழுப்புள்ள 10 கிலோ பாலில் கொழுப்புக்கு 180 ரூபாய் கிடைக்கும். மற்றதற்கு முதற்கணக்கின்படி 253 ரூபாய் 20 காசும், இரண்டாம் கணக்கின்படி 238 ரூபாய் 20 காசும் ஆகும். ஒரு நாளில் வித்தியாசம் 15 ரூபாய். முப்பது நாளில் 450 ரூபாய். இது மாட்டின் குறையாலும் நேரவில்லை, தீவனத்தின் குறையாலும் நேரவில்லை. உஷ்ணமானி ஒன்று பாலில் வைக்கப்படாமையால் நேர்ந்தது. அன்றியும் 8.44 என்பது தரவிதிக்கு மேலே நிற்க, 7.94 என்பது கீழே விழுகின்றது. ஒரே பால் ஒரு கணக்கில் நல்ல பாலாகவும் மற்றொரு கணக்கில் சந்தேகத்துக்குரிய பாலாகவும் ஆகிவிடுகின்றது.

கணக்கில் கூட்டப்படும் 0.14 என்னும் எண்ணும் எங்கும் ஒரே தன்மையாக இல்லை. 27 சென்டிகிரேடு டிகிரிக்காக அமைக்கப்பட்ட பால்மானிகளும் இந்நாட்டில் உள்ளன. அவற்றுக்குக் கூட்டும் எண் வேறு. ஒரு கருவியின் அளவை மற்றொரு கருவிக்குரிய எண்ணோடு கூட்டுதல் தவறு. அன்றியும், கறந்த உடனே பாலைச் சோதித்தல் தகாது. புதிய பாலில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதாலும், கொழுப்பு இன்னும் உருகிய நிலையில் இருப்பதாலும் பால்மானி சிறிது தாழ்ந்தே காட்டும். சிறிது நேரம் சென்றபின் அதுவே உயரும்.

இப்பொழுது பல நிலையங்களில், செவிக்குக் கேளாத ஒலியலைகளைப் பாலினுள் செலுத்திக் கொழுப்பையும் மற்றதையும் ஒரு நிமிஷ நேரத்தில் காட்டும் மின்கருவிகள் வந்துள்ளன. அவற்றால் வேலை எளிதாயிற்று. ஆனால் கருவி கூறுவதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் தனித்தனியே அளவு பொருத்தப்படாத கருவியும், நாள்தோறும் கழுவப்படாத கருவியும், நுரையுள்ள பாலை உறிஞ்சிய கருவியும் பிழையான எண்ணையே காட்டும்.

குறைவின் உண்மைக் காரணங்கள்

நீர் கலவாமலே இந்த எண் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது தீவனக் குறைவு. வெறும் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டின் பாலில் புரதம் குறையும். இரண்டாவது கோடை வெப்பம்; வெப்பத்தால் மாடு குறைவாகத் தின்பதே இதற்குப் பெரிதும் காரணம். மூன்றாவது இனம், மிகுந்த பால் தரும் சில கலப்பின மாடுகளின் பாலில், ஜெர்சிக் கலப்பு மாடுகளின் பாலைவிடத் திடப்பொருள் குறைவு. நான்காவது மடிநோய். வீக்கமும் சிவப்பும் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோயிலும் பால் சர்க்கரை குறைந்து உப்பு மிகும், எண் தாழும். எனவே ஒரு மாட்டின் எண் திடீரெனக் குறைந்தால், அதனை அவமானமாகக் கருதாமல், மடியைச் சோதிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையாகக் கொள்வதே அறிவுடைமை.

தாது உப்புக் கலவையைக் கொடுத்தால் எண் உடனே உயரும் என்று எண்ணிப் பணம் செலவிடுவோரும் உளர். மாட்டின் ஆரோக்கியத்துக்கும் சினைப்பிடிப்புக்கும் அக்கலவை வேண்டியதே. ஆனால் 8.5 பங்கில் தாது உப்புக்கள் 0.7 பங்கே என்பதை நினைவு கூர்ந்தால் இந்த எண்ணத்தின் பிழை விளங்கும். பால் சர்க்கரையும் தீவனத்தால் எளிதில் மாறாது. மாறக்கூடியது பெரும்பாலும் புரதமே. அதற்கு வேண்டியது வயிறு நிறையப் பசுந்தீவனமும், தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீவனமும் ஆகும். சொல்லின் பொருளை அறிந்தவருக்குச் செலவு செய்ய வேண்டிய இடமும் தெரியும்.

எண் உயர்ந்திருப்பது எப்பொழுதும் நன்மைக்கு அறிகுறி என்பதும் சரியன்று. கன்று ஈன்றவுடன் வரும் சீம்பாலில் இந்த எண் மிக உயர்ந்திருக்கும். ஆயினும் அது கன்றுக்கு உரியது, சங்கத்துக்கு உரியதன்று. சர்க்கரை, உப்பு, யூரியா முதலியவற்றைச் சேர்த்து எண்ணை உயர்த்துவோர் சட்டத்தை மீறுவதோடு பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்கின்றனர். எண்ணை மட்டும் வணங்கும் வழக்கம் இத்தகைய தீச்செயலுக்கு இடம் தருகின்றது.

செய்ய வேண்டுவன

பால் நிலையங்களின் ஊழியர்கள் இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். விடியற்காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பாலுக்கும் உஷ்ணம் பார்க்க நேரம் இல்லை என்பதும், சற்றே இரக்கம் காட்டினால் நீர் கலப்போருக்குக் கொண்டாட்டமாகும் என்பதும் அவர்கள் கூற்று. நீர் கலப்போர் இருப்பது உண்மையே. அவர்களால் நேர்மையான பால்காரருக்கும் விலை குறைகின்றது என்பதும் உண்மையே. ஆனால் வேண்டப்படுவது இரக்கமன்று, சரியான அளவு. உஷ்ணமானியைப் பார்க்க ஆகும் நேரம் ஒரு தகராறைத் தீர்க்க ஆகும் நேரத்தினும் மிகக் குறைவு. சரியான அளவு நேர்மையானவரைக் காப்பது போலவே கள்வரையும் பிடித்துக் கொடுக்கும்.

நீர் கலந்ததை மெய்ப்பிக்க வேண்டுமாயின் அதற்கு வேறு சோதனை உண்டு. தூய பால் உறையும் உஷ்ணநிலை, சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய அரை சென்டிகிரேடு டிகிரி. தீவனம், இனம், காலம் ஆகியவற்றால் இது மிகச் சிறிதே மாறும். நீர் சேரச் சேரச் சுழியத்தை நோக்கி உயரும். எண் குறைந்த பாலின் மாதிரியை இச்சோதனைக்கு அனுப்பிய பின்னரே கலப்படம் என்னும் வார்த்தையை எவரும் உச்சரிக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத இடங்களில், மறுநாள் காலை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அம்மாட்டைக் கறந்து பார்ப்பது கைக்கெட்டிய வழி. மாட்டினிடம் மேல்முறையீடு செய்யும் அப்பழைய வழக்கம் இன்றைக்கும் ஏற்றதே. ஊராட்சியாரும் சங்க நிர்வாகிகளும் இதனை ஒரு விதியாகவே ஏற்படுத்தலாம்.

விலைச் சீட்டில் எஸ்.என்.எப். என்னும் மூன்று எழுத்துக்களுக்குப் பதிலாகக் ‘கொழுப்பல்லாத திடப்பொருள்’ என்று தமிழிலேயே எழுதுதல் வேண்டும். பால்மானி கொண்டு அளக்கும் இடங்களில், பாலின் உஷ்ணம், பால்மானி எண், கூட்டிய எண் ஆகியவையும் அதில் காணப்பட வேண்டும். கணக்கின் முறையை நிலையத்தின் சுவரில் எழுதி வைத்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளையே வீட்டுச் சீட்டைச் சரிபார்த்துவிடும். குடியானவர்களும் தம் பங்குக்கு, மாடு ஒவ்வொன்றின் எண்ணையும் மாதம் ஒருமுறையேனும் தனியே பார்த்துக் குறித்து வைத்தல் நலம். கலந்த பாலின் எண்ணைக் கொண்டு குறையுள்ள மாட்டைக் கண்டுபிடித்தல் இயலாது.

தராசின் முள்ளைப் படிக்கத் தெரியாதவர் சந்தையில் நெல்லை விற்க அஞ்சுவர். பாலுக்கு இன்று தராசாக நிற்பது இச்சொல்லே. ஊற்றுபவரும் வாங்குபவரும் அதனை ஒரே பொருளில் உணர்வாராயின் விலையும் ஒழுங்காகும், வீண்பழியும் ஒழியும்.